தளேகாவில் ஓர் இரவு: உடன்பிறந்தார் இருவருக்கான ஒன்றரை நாள்

வேலையின் பொருட்டு வெவ்வேறு ஊர்களில் வாழ நேர்ந்த உடன்பிறந்தார் இருவர், கல்யாணம், கருமாதி, பொங்கல், தீபாவளி என எதுவும் குறுக்கிடாத ஒரு வார இறுதியில், பெற்றோரும் துணைவரும் பிள்ளைகளும் உடனில்லாமல் தனியே கூடி, ஓரிரவு தங்கித் திரும்பும் சிறு பயணமே இந்த இயலின் பொருள். அதற்குத் தளேகாவ் தேர்ந்தெடுக்கப்பட்டது அவ்வூரின் அழகுக்காக அன்று. அழகைத் தேடுவோர் அதே இருப்புப்பாதையில் இன்னும் மேலே சென்று லோணாவளாவில் கூடி, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு மழையை வேடிக்கை பார்க்கின்றனர். தளேகாவைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, தமிழ்நாட்டிலிருந்து தொழிற்சாலை வேலைக்குச் சென்றவர்கள் இப்பகுதியில் இருப்பது. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி செய்யும் ஹூண்டாய் நிறுவனம், ஜெனரல் மோட்டார்ஸ் 2008இல் தளேகாவில் திறந்து 2020இன் இறுதியில் உற்பத்தியை நிறுத்திய ஆலையைக் கைக்கொள்ள 2023 ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்த பின்னர், திருப்பெரும்புதூர் வட்டாரத்துக்கும் இவ்வூருக்கும் ஒரு புதிய உறவு உண்டாகியுள்ளது. இரண்டாவது காரணம் ரயில் பாதை. புனேயிலிருந்து லோணாவளா வரை 64 கிலோமீட்டர் ஓடும் புறநகர் வண்டித் தடத்தின் ஏறத்தாழ நடுவில் தளேகாவ் அமைந்திருப்பதால், ஒரு பக்கம் நகரத்தையும் மறுபக்கம் மலையையும் ஒரே வண்டியில் எட்டிப்பார்த்துவிட்டு, இரவில் சந்தடியில்லாத ஓர் ஊரில் படுத்துறங்க இயலும்.

ஊரின் பெயரைப் பற்றிய ஓர் எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடவேண்டும். மராத்தியில் ‘தளே’ என்பது குளம், ‘காவ்’ என்பது ஊர். ஆகவே தளேகாவ் என்பது நம் குளத்தூர்தான். தமிழ்நாட்டில் எத்தனை குளத்தூர்கள் உண்டோ அதுபோல மகாராட்டிரத்திலும் தளேகாவ்கள் பல. அவற்றுள் தளேகாவ் டம்டேரே என்பது இதே புனே மாவட்டத்தில், ஆனால் புனேக்கு மறுபுறம், சிரூர் வட்டத்தில் உள்ளது. வாடகைக் காருக்கும் விடுதிக்கும் கைப்பேசியில் பதிவு செய்யும்போது தளேகாவ் தாபாடே என்ற முழுப்பெயரைப் பார்த்துக்கொள்ளாதவர்கள், அண்ணன் ஒரு குளத்தூரிலும் தம்பி இன்னொரு குளத்தூரிலுமாக நிற்க நேரும். பெயரை உச்சரிப்பதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு: மராத்தியிலும் ளகரம் இருப்பதால், இந்தி பேசுவோர் ‘தலேகாவ்’ என்று சொல்லும் இடத்தில் தமிழர் திருத்தமாகவே சொல்லிவிடுவர்.

தாபாடே என்பது மராட்டியப் பேரரசின் சேனாபதிகளாக, அதாவது படைத்தலைவர்களாக, விளங்கிய குடும்பத்தின் பெயர். சாகு மன்னர் காலத்தில் கண்டேராவ் தாபாடே அப்பதவியைப் பெற்றார். அவர் மகன் திரிம்பக்ராவ் 1731இல் குஜராத்தின் டபோயில் தலைமை அமைச்சர் முதலாம் பாஜிராவின் படையோடு பொருது இறந்தபின், கண்டேராவின் மனைவி உமாபாய் அப்பொறுப்பை நடைமுறையில் ஏற்று நடத்தினார். 1753இல் மறைந்த அவருடைய சமாதி தளேகாவிலேயே உள்ளது. இந்தப் பழைய ஊரும் ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த பகுதியும் தனித்தனியாக, நடந்து கடக்கச் சற்றுத் தொலைவில் இருப்பதால், அறை எடுக்கும்போது எது எங்கே என்று கேட்டுக்கொள்வது அவசியம். ஓரிரவே தங்குவோருக்கு நிலையப் பகுதியே உகந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர் புனே சந்திப்புக்கு வந்துசேர்வதே இயல்பு. சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் வண்டிகளில் வருவோர் ஏறத்தாழ 1,090 கிலோமீட்டர் கடந்து அங்கே இறங்குவர். தளேகாவில் வேலை பார்ப்பவர் அங்கேயே காத்திராமல் புனே நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்ளவேண்டும் என்பது இவ்வியலின் உறுதியான பரிந்துரை. ‘லோக்கல்’ என்று எல்லாரும் வழங்கும் புறநகர் வண்டியில் தளேகாவ் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆயினும் வழியில் கட்கி, பிம்ப்ரி, சின்ச்வட், தேஹூ ரோடு என்று நிலையங்கள் அடுத்தடுத்து வரும் அந்தப் பயணமே, நெடுநாள் கழித்துச் சந்திக்கும் இருவருக்கும் பேச்சைத் தொடங்கிக் கொடுக்கும். எதிரெதிர் இருக்கையைவிட ஒரே வரிசையில் சன்னலோரம் அமர்வது நல்லது. முகம் பார்த்துப் பேசத் தயங்கும் செய்திகள் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்போது எளிதாக வந்துவிடுகின்றன. நண்பகலை ஒட்டிய நேரத்தில் வண்டிகள் அரிதாகிவிடுவதையும், ஞாயிற்றுக்கிழமைகளில் பாதைப் பராமரிப்புக்காகச் சில வண்டிகள் நிறுத்தப்படுவதுண்டு என்பதையும் கருதி, கால அட்டவணையை முதல் நாளே பார்த்துவிடவேண்டும். தீபாவளியை அடுத்த வளர்பிறைத் துவிதியையில் வரும் ‘பாவூபீஜ்’ நாளைத் தவிர்ப்பது மேல். அன்று சகோதரிகள் சகோதரர்களுக்கு ஆரத்தி எடுத்துத் திலகமிடுவர். நம் கணுப்பொங்கலில் பெண்கள் உடன்பிறந்தாருக்காகக் கணுப்பிடி வைப்பதை ஒத்த வழக்கம் இது. உடன்பிறந்தாரைக் காண ஊரே புறப்பட்டுவிடுவதால், மற்றொருவர் உடன்பிறந்தாரின் முழங்கைதான் விலாவில் இடிக்கும்.

விடுதியில் அறை எடுக்கும்போது தமிழருக்கென்றே உரிய ஒரு சிக்கல் எழக்கூடும். மகாராட்டிரத்தில் ஒவ்வொருவர் பெயரின் இறுதியிலும் ‘ஆட்நாவ்’ எனப்படும் குடும்பப் பெயர் வரும். உடன்பிறந்தார் என்பதற்கு அதுவே அங்கே கண்கூடான அடையாளம். தமிழரிடம் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து மட்டுமே உண்டு. அதுவும் திருமணத்துக்குப் பின் தங்கை கணவன் பெயரின் முதலெழுத்தை ஏற்றிருந்தால், அண்ணன் தங்கை இருவரின் ஆதார் அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வரவேற்பாளருக்கு அவர்களிடையே எந்த உறவும் தென்படாது. சட்டத்தில் இதற்குத் தடையேதும் இல்லையெனினும், இரவு பத்து மணிக்கு வரவேற்பு மேசையில் நின்று தமிழ்ப் பெயரிடு முறையை விளக்கும் தொல்லையைத் தவிர்க்க, முன்பதிவின்போதே இருவர் பெயரையும் தந்து, இரட்டைக் கட்டில் அறை வேண்டும் என்று எழுதிவிடுவது நல்லது. ‘இரண்டு பேர்’ என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் ஒற்றைப் பெருங்கட்டிலே கிடைக்கும். சிறுவயதில் ஒரே பாயில் உருண்டவர்கள்தாம் என்றாலும், நாற்பது வயதில் குறட்டைக்கு உரிய மரியாதையைத் தந்தாக வேண்டும்.

சனிக்கிழமை பிற்பகலைப் புனே நகருக்கு ஒதுக்கலாம். தளேகாவில் பையை வைத்துவிட்டு லோக்கலில் சிவாஜிநகர் வந்து, அங்கிருந்து மெட்ரோவில் ஏறினால் பழைய நகரத்தின் நடுவே இறங்கிவிடலாம். அப்பழைய நகரம் ‘பேட்’களாகப் பிரிந்துள்ளது, நம் பேட்டை என்ற சொல்லேதான் அது. சனிவார், புத்வார், சுக்ரவார் எனக் கிழமைகளின் பெயரில் அவை பல அமைந்துள்ளன. இங்கே பார்க்கத்தக்கவை அநேகம். ஆனால் ஒரு பிற்பகலுக்கு இரண்டு போதும்.

ஒன்று சனிவார்வாடா. ‘வாடா’ என்பது நடுமுற்றம் வைத்துக் கட்டப்பட்ட பெருவீடு. சனிவார்வாடா பேஷ்வாக்களின், அதாவது மராட்டியரின் தலைமை அமைச்சர்களாக இருந்து பின்னர் அரசையே நடத்தியவர்களின், மாளிகை. முதலாம் பாஜிராவ் 1730இல் அடிக்கல் நாட்டிய அது 1828இல் தீப்பற்றி எரிந்துவிட்டதால், இன்று எஞ்சியிருப்பவை மதிலும் வாயில்களும் அடித்தளங்களும் தோட்டமுமே. உள்ளே ஒன்றுமில்லையே என்று சிலர் ஏமாறுவதுண்டு. ஆனால் யானை முட்டித் திறக்காமலிருக்க நீண்ட இரும்பு முட்கள் அறையப்பட்ட தில்லி வாயிற்கதவின் முன் நின்று, உள்ளே நடந்தவற்றை அறிந்து பார்ப்பவருக்கு வெற்றிடமே போதும். பாஜிராவும் அவர் தம்பி சிமாஜி அப்பாவும் ஒருவருக்கொருவர் துணைநின்று போர்களை நடத்திய வீடு இது; அடுத்த தலைமுறையிலேயே கதை திரும்பிவிட்டது. பாஜிராவின் மகனான நானாசாகேப் பேஷ்வாவுக்குப் பிறந்த மாதவராவ் 1772இல் நோயால் இறக்க, அவருடைய தம்பி நாராயணராவ் பதவியேற்றார். நானாசாகேபின் தம்பியும் இளைஞனுக்குச் சிற்றப்பனுமான ரகுநாதராவ் அப்பதவியின்மேல் கண் வைத்திருந்தார். 1773 ஆகஸ்டு 30ஆம் நாள் காவற்படையினர் நாராயணராவை இம்மாளிகைக்குள் வெட்டிக் கொன்றனர். ‘தராவே’, அதாவது பிடியுங்கள், என்று எழுதிய ஓலையில் ரகுநாதராவின் மனைவி ஆனந்திபாய் ஓர் எழுத்தை மாற்றி ‘மாராவே’, கொல்லுங்கள், என்று ஆக்கிவிட்டார் என்பது மரபுச் செய்தி. சிறு திருத்தத்தால் பொருளையே கவிழ்ப்பதற்கு ‘த-வை ம ஆக்குதல்’ என்ற மரபுத்தொடர் மராத்தியில் இன்றும் வழங்குகிறது.

மற்றொன்று அருகிலுள்ள லால் மகால், சிவாஜி தம் தாய் ஜீஜாபாயுடன் வளர்ந்த வீடு இருந்த இடம். இன்றைய கட்டடம் மாநகராட்சி பிற்காலத்தில் எழுப்பியது. ஆகவே கட்டடக் கலை தேடுவோர் ஏமாறுவர். தமிழ்ப் பயணிக்கு இவ்விடத்தின் முக்கியத்துவம் வேறு. சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான ஏகோஜிதான் தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவியவர். 1677இல் தெற்கே படையெடுத்து வந்த சிவாஜி, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடியில் தங்கித் தம்பியை அழைத்து, தந்தை ஷாஜியின் உடைமையில் பங்கு கேட்டார். சில நாள் பேச்சு நடந்தும் முடிவு ஏற்படவில்லை. ஓரிரவு ஏகோஜி எவருக்கும் சொல்லாமல் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சைக்குப் போய்விட்டார். உடன்பிறந்தார் தங்கும் இரவில் பாகப்பிரிவினையைப் பேசக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நிலம், நகை, பெற்றோரின் மருத்துவச் செலவு போன்ற பொருள்களைப் பேசியே தீரவேண்டுமாயின், அறைக்குள் படுத்துக்கொண்டு பேசாமல், பேட்டைத் தெருக்களில் நடந்துகொண்டே பேசி, மெட்ரோ ஏறுவதற்குள் முடித்துவிடவேண்டும். நடப்பவர்களுக்குச் சற்று முன்னே போகவோ பின்தங்கவோ இடமுண்டு, அறையிலோ கொள்ளிடமும் இல்லை, படகும் இல்லை.

நடக்கும்போது கடைகளிலும் வீட்டு வாயில்களிலும் தொங்கும் அறிவிப்புப் பலகைகளைக் கவனிக்கலாம். மராத்தியில் ‘பாட்டி’ என்றால் பலகை. ‘புனேரி பாட்டி’ என்பது இந்நகரத்தாரின் குத்தல் பேச்சுக்குப் பெயர்பெற்ற அறிவிப்புப் பலகை. வண்டியை இங்கே நிறுத்தாதே, மணியை இருமுறை அடிக்காதே என்பவற்றை வந்தவர் முகம் சிவக்கும்படி எழுதிவைப்பது அதன் இலக்கணம். தமிழில் அச்சொல்லுக்குள்ள பொருளும் முற்றிலும் பொருந்தாமல் இல்லை. ரிக்ஷா ஓட்டுநர் தங்கையுடன் வந்தவரைத் ‘தாதா’ என்று விளித்தால் திடுக்கிட வேண்டா. அண்ணன் என்பதற்கு அங்கே அதுவே மரியாதைச் சொல். அக்காளைத் ‘தாயி’ என்பர். ‘கிதி’ என்றால் எவ்வளவு, ‘தாம்பா’ என்றால் நிறுத்துங்கள். இந்த நான்கு சொற்களும் ஒன்றரை நாளுக்குப் போதுமானவை.

ஞாயிறு காலை உணவுக்கு மிசளைத் தவறவிடக் கூடாது. முளைகட்டிய நரிப்பயற்றைக் காரக் குழம்பாக்கி, அதன்மேல் மிக்சர் போன்ற ‘ஃபர்சாண்’ தூவி, பச்சை வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் வைத்து, பாவ் ரொட்டியோடு தருவர்; மேலே மிதக்கும் செந்நிற எண்ணெய்க்குத் ‘தர்ரி’ என்று பெயர். தர்ரியைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கிச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொள்வதே அறிவுடைமை. ஏனெனில் அண்ணன் முன் தம்பியும் தம்பி முன் அண்ணனும் காரத்துக்குப் பின்வாங்க மாட்டார்கள், அதன் விளைவு மலையேறும்போதுதான் தெரியவரும். ஃபர்சாண் நமத்துப்போவதற்குள் உண்டுவிட வேண்டும்.

அதன்பின் லோணாவளாப் பக்கம் செல்லும் லோக்கலில் ஏறினால் அடுத்த நிலையம் வட்காவ். மேற்சொன்ன ரகுநாதராவை மீண்டும் பேஷ்வா ஆக்குவதற்காகப் பம்பாயிலிருந்து புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, 1779 சனவரியில் தளேகாவ் வரை வந்து, மராட்டியர் தாமே எரித்துவிட்டுப் போயிருந்த ஊரைக் கண்டு உணவின்றித் திரும்பி, வட்காவில் வளைக்கப்பட்டுப் பணிந்து உடன்படிக்கை செய்தது. வண்டி அங்கே நிற்கும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடிய கதை, இறங்க வேண்டியதில்லை.

இறங்க வேண்டிய இடம் மளவ்லி. அங்கிருந்து விரைவுச்சாலையைப் பாலத்தால் கடந்து, பாஜே என்னும் சிற்றூர் வழியே நடந்து படிகளில் ஏறினால், பாஜே ‘லேணி’யை அடையலாம்; லேணி என்பது பாறையைக் குடைந்து ஆக்கிய குகைத் தொகுதி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட இருபத்திரண்டு பௌத்தக் குகைகள் இங்குள்ளன. அவற்றில் நடுநாயகமானது சைத்தியம், அதாவது தூபியை உள்ளே வைத்த வழிபாட்டுக் கூடம். அதன் வளைந்த கூரையில் பதித்த மரச்சட்டங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் எஞ்சியுள்ளன. மற்றவை பெரும்பாலும் விகாரங்கள், துறவியர் மழைக்காலத்தில் ஊர் ஊராகத் திரிவதை நிறுத்தி ஓரிடத்தில் தங்குவதற்கான சிற்றறைகள் கொண்டவை. அவ்வறைகளுள் ஒன்றில் நுழைந்து, கண் இருளுக்குப் பழகும்வரை நின்றால், சுவரோடு சேர்த்துச் செதுக்கிய கல்மேடை புலப்படும். அதுவே துறவியின் கட்டில். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகளோடு காணப்படும் சமணப் படுகைகளைப் பார்த்தவர்களுக்கு அது அறிமுகமான பொருளே. அங்கே இயற்கைக் குகைத்தளத்தில் தலைமாடு மட்டும் சற்று உயர்த்திச் செதுக்கியிருப்பர், இங்கே அறையையே கல்லில் வெட்டி, கதவு பொருத்துவதற்கான இடத்தையும் விட்டிருப்பர். முதல் நாள் இரவு இரட்டைக் கட்டிலுக்காக வரவேற்பாளரிடம் வாதாடியவர்கள், இங்கே சிறிது நேரம் உட்கார்ந்திருப்பது தகும்.

பாதையின் எதிர்ப்புறம் உள்ள கார்லேயின் சைத்தியம் இதைவிடப் பெரியது, சிற்ப வளம் மிக்கது என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ 45 மீட்டர் நீளம் கொண்டது. எனினும் அதன் வாயிலருகிலேயே ஏக்வீரா தேவி கோயில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டு முழுதும் கூட்டம் நெருக்கும். இரண்டையும் ஒரே காலையில் முடிக்க முயல்வோர் இரண்டையும் பார்ப்பதில்லை.

முழங்கால் வலி உள்ளவர் உடனிருந்தால் மலையைக் கைவிட்டு இந்திராயணி ஆற்றங்கரை ஊர்களான தேஹூவுக்கும் ஆளந்திக்கும் செல்லலாம். தேஹூ மராத்தி அடியார் துக்காராமின் ஊர். ஆற்றில் அமிழ்த்தப்பட்ட அவருடைய பாடற்சுவடிகள் பதின்மூன்றாம் நாள் நனையாமல் மேலே வந்தன என்னும் கதை, வைகையை எதிர்த்துச் சென்ற சம்பந்தரின் ஏட்டை நினைவூட்டும். ஆளந்தியில் மற்றோர் அடியாரான ஞானேஷ்வரின் சமாதி உள்ளது. நிவிருத்தி, ஞானேஷ்வர், சோபான், முக்தாபாய் என்னும் நால்வரும் பெற்றோரை இழந்து, ஊரால் ஒதுக்கப்பட்டு, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வளர்ந்த உடன்பிறப்புகள். மூத்தவரான நிவிருத்தியே ஞானேஷ்வருக்குக் குரு. திலகவதியாரையும் அப்பரையும் அறிந்த தமிழருக்கு இந்த உறவை விளக்கத் தேவையில்லை. 1296இல் ஞானேஷ்வர் இங்கே சமாதி அடைந்தார்.

மழைக்காலத்தில், அதாவது சூன் முதல் செப்டம்பர் வரை, வருவோர் ஆற்றிலும் அருவியிலும் இறங்காதிருக்கவேண்டும். 2025 சூன் 15ஆம் நாள் தளேகாவை அடுத்த குண்ட்மளாவில் இந்திராயணியின் குறுக்கேயிருந்த பழைய இரும்பு நடைபாலம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் பளுவால் இடிந்து நால்வர் உயிரிழந்தனர். எச்சரிக்கைப் பலகை வைத்து மூடப்பட்ட பாலமோ படியோ இருந்தால், பிறர் போகிறார்கள் என்பது தாமும் போவதற்குக் காரணம் ஆகாது.

செலவைப் பொறுத்தவரை, தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பதை மறவாமல், புறப்படும்போதே இருவரும் ஒரே அளவு பணத்தை ஒருவர் கையில் கொடுத்து, எல்லாச் செலவையும் அதிலிருந்தே செய்வது வசதி. அந்தப் பணப்பை இளையவரிடம் இருப்பதே நல்லது. மூத்தவர் கையில் இருந்தால் அவர் கணக்கே சொல்லாமல் எல்லாவற்றையும் தாமே கொடுத்துவிட்டு, பத்தாண்டு கழித்து ஏதோ ஒரு சண்டையில் அதை எடுத்துப் பேசுவார்.

மளவ்லியிலிருந்து திரும்புவோர் நண்பகல் இடைவெளிக்கு முன்னரே வண்டி ஏறித் தளேகாவில் அறையைக் காலிசெய்துவிட்டு, மாலை வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் புனே சந்திப்பை அடைவது பாதுகாப்பானது. ஊருக்குச் செல்பவரைப் பெட்டியில் ஏற்றி, சன்னலருகே நின்று வழியனுப்ப விரும்புபவர், தம்மிடம் உள்ள லோக்கல் சீட்டு அதற்குச் செல்லும் என்று கருதாமல், தனியே நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். அது இரண்டு மணி நேரம் செல்லும்.